டேபிள் ரன்னருக்கு எந்த கேன்வாஸ்? அளப்பது முதல் ஒட்டுவது வரை

மேசையின் நடுவில் நீளவாக்கில் விரிக்கும் துணிப்பட்டைதான் டேபிள் ரன்னர். அது மேசை மேல் சுருக்கமில்லாமல் படிய வேண்டும். இரண்டு முனையிலும் விளிம்பைத் தாண்டியதும் மடிந்து கீழே விழ வேண்டும். ரன்னருக்கு இருக்கும் வேலை இந்த இரண்டுதான். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவை. படிய வேண்டுமென்றால் விறைப்பு வேண்டும். விழ வேண்டுமென்றால் நெகிழ்வு வேண்டும். துணிக்கு விறைப்பு தர உள்ளே வைக்கும் கேன்வாஸைத் தேர்ந்தெடுப்பது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் உங்கள் துணிக்கு ஏற்ற இடத்தைக் கண்டுபிடிப்பதுதான்.

நான் முதலில் தைத்த ரன்னருக்குச் சட்டைக் காலரில் வைக்கும் கெட்டி கேன்வாஸை ஒட்டினேன். வீட்டில் அதுதான் இருந்தது. தைத்து முடித்து மேசையில் விரித்தபோது இரண்டு முனைகளும் தொங்காமல் பலகைபோல வெளியே நீட்டிக்கொண்டு நின்றன. முதல் சலவைக்குப் பிறகு நடுவில் கொப்புளம் கொப்புளமாகத் துணி எழும்பியது. எவ்வளவு இஸ்திரி போட்டும் அது அடங்கவில்லை. நல்ல கைத்தறித் துணி வீணானது இன்றும் உறுத்துகிறது. நீங்கள் எடுத்து வைத்திருக்கும் துணிக்கு அப்படி நேரக்கூடாது என்பதற்காகத்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஒரு சொல் விளக்கம். இணையத்தில் ‘இன்டர்ஃபேசிங்’ என்று படிப்பதை நம் தையல் சாமான் கடைகளில் கேன்வாஸ் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். இஸ்திரி போட்டால் ஒட்டிக்கொள்வதைச் சில கடைகளில் பேஸ்டிங் என்றும், சில கடைகளில் ஃபியூசிங் என்றும் சொல்வார்கள். ஊருக்கு ஊர் பெயர் மாறும் என்பதால் கையில் உங்கள் துணித் துண்டு ஒன்றை எடுத்துப் போய்விடுங்கள். பெயரைவிட அந்தத் துண்டு தெளிவாகப் பேசும்.

1. மேசையிலிருந்து தொடங்குங்கள்

ஆறு பேர் உட்காரும் சாப்பாட்டு மேசை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நீளம் 60 இன்ச், அகலம் 36 இன்ச். ரன்னரின் அகலம் மேசை அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு இருந்தால் பார்வைக்கு நன்றாக இருக்கும். 13 இன்ச் வைத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் 8 இன்ச் தொங்கல் என்றால் நீளம் 76 இன்ச். சுற்றிலும் தையலுக்கு அரை இன்ச் விட்டால் வெட்ட வேண்டிய அளவு 77க்கு 14.

தொங்கலே வேண்டாம், மேசைக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும் என்பவர்களுக்குப் பாதிச் சிக்கல் இங்கேயே தீர்ந்தது. விளிம்பில் மடியத் தேவையில்லாத ரன்னர் கொஞ்சம் விறைப்பாக இருந்தாலும் அழகாகவே இருக்கும். தொங்கல் வேண்டும் என்பவர்கள்தான் கேன்வாஸின் கனத்தில் கவனமாக இருக்க வேண்டும்.

இன்னொரு கேள்வியையும் இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்: அதன் மேல் என்ன வைக்கப் போகிறீர்கள்? பூச்சாடியும் பழத்தட்டும் மட்டும் என்றால் கவலையில்லை. நம் வீடுகளில் சாம்பார்ப் பாத்திரமும் குக்கரும் அடுப்பிலிருந்து நேரே மேசைக்கு வந்துவிடும். விசில் வரும் குக்கருக்குள் சுமார் 120 டிகிரி சூடு இருக்கும். ஒட்டும் கேன்வாஸின் பசையோ, இஸ்திரிப் பெட்டியின் நடுச்சூட்டுக்கு இளக வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. சூடான அடிப்பாகம் அதன் மேல் உட்கார்ந்தால் பசை மறுபடி இளகலாம், அந்த இடத்தில் வட்டமாகத் துணி பிரியலாம். உங்கள் வீட்டுப் பழக்கம் அதுவென்றால் பசையே இல்லாத, தைத்துப் பிடிக்கும் பருத்திக் கேன்வாஸ்தான் பொருத்தம். அப்போதும் பாத்திரத்துக்கு அடியில் ஒரு மனைக்கட்டையோ பிரிமணையோ இருக்கட்டும். ரன்னர் சூடு தாங்கும் பொருள் அல்ல.

2. துணியை நனைத்துக் காயவைத்து, அதன் உண்மையான உடம்பைப் பாருங்கள்

புதுக் கைத்தறித் துணியின் விறைப்பில் பாதி, பாவுக்கு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் போட்ட கஞ்சி. கையில் எடுத்தால் மொடமொடவென்று இருக்கும். இரண்டு சலவையில் தளர்ந்துவிடும். அந்தப் பொய் விறைப்பை நம்பி கேன்வாஸ் வாங்கினால் கணக்குத் தவறும். கஞ்சி இருக்கும் துணியில் பசையும் சரியாகப் பிடிக்காது. ஆகவே முதல் வேலை, இளஞ்சூடான தண்ணீரில் ஊறவைத்து அலசி, நிழலில் காயவைத்து இஸ்திரி போடுவது.

நனைப்பதற்கு முன்பு துணியின் ஓரத்தில் நீளவாக்கில் 25 சென்டிமீட்டர், குறுக்கே 25 சென்டிமீட்டர் அளந்து நூலால் அடையாளம் தைத்துவையுங்கள். காய்ந்த பிறகு மறுபடி அளந்து பாருங்கள். 1 சென்டிமீட்டர் குறைந்திருந்தால் அது நூற்றுக்கு 4. சின்ன எண்தான். ஆனால் 77 இன்ச் நீளத்தில் அது 3 இன்ச். தைத்து முடித்த பிறகு துணி மட்டும் 3 இன்ச் சுருங்கி, உள்ளே இருக்கும் கேன்வாஸ் சுருங்காமல் நின்றால் என்ன ஆகும்? மிச்சமிருக்கும் கேன்வாஸ் உள்ளே மடிப்பு மடிப்பாகத் திரளும், ரன்னர் வளையும். மாறாக கேன்வாஸ் சுருங்கித் துணி சுருங்காவிட்டால் மேல்துணி கொப்புளிக்கும். ஒட்டிய வேலை கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் இந்தச் சுருக்க வித்தியாசமே காரணம்; பசைமேல் பழி போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்.

காய்ந்த துணியை உள்ளங்கையில் கசக்கிப் பத்து எண்ணும் வரை இறுக்கிப் பிடித்து விடுங்கள். சுருக்கம் தானாகப் பாதி விரிந்தால் அந்தத் துணிக்குச் சொந்த பலம் இருக்கிறது. மெல்லிய துணை போதும். கசங்கியபடியே கிடந்தால் கொஞ்சம் தாங்கல் வேண்டும். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நூல்களுக்கு இடையே வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் இழை நெருக்கம் குறைவு. ஒட்டும் கேன்வாஸை வைத்தால் பசை அந்த இடைவெளி வழியே முன்பக்கம் கசிந்து பளபளக்கும் வாய்ப்பு உண்டு.

3. கடையில் இருப்பவை

ராக் முழுக்க வெள்ளைச் சுருள்கள். எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். இரண்டு கேள்வி கேட்டால் பிரிந்துவிடும்: நெய்ததா, நெய்யாததா? ஒட்டுவதா, தைப்பதா?

நெய்யாத வகையைப் பேப்பர் கேன்வாஸ் என்பார்கள். தொட்டால் காகிதம்போல இருக்கும், ஓரத்தில் நூல் பிரியாது, எந்தத் திசையிலும் வெட்டலாம், விலையும் குறைவு. ஜெர்மனியின் ஃப்ராய்டன்பெர்க் நிறுவனம் 1948-ல் ‘ஃப்ளீஸலீன்’ என்ற பெயரில் இதைத் தையலுக்குக் கொண்டுவந்தது. அதுவரை குதிரை முடி, பருத்தி போன்றவற்றால் நெய்தவைதான் கோட்டுகளுக்குள் இருந்தன. பைக்கும் பர்ஸுக்கும் இது அருமையான பொருள். ரன்னருக்கு எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. காரணம் ஒன்றே: காகிதம்போலவே இதிலும் மடிப்புத் தடம் விழும். மேசை விளிம்பில் தினமும் ஒரே இடத்தில் மடிகிற துணியில் அந்தக் கோடு நிரந்தரமாகிவிடும். ஒரு பண்டிகைக்கு மட்டும் விரித்து எடுத்து வைக்கப்போகும் ரன்னர் என்றால் மெல்லிய பேப்பர் கேன்வாஸ் போதுமானது.

நெய்த பருத்திக் கேன்வாஸில் ஒரு பக்கம் பசைப் புள்ளிகள் இருக்கும். துணியோடு துணியாக மடியும், விழும். சுருங்கும் என்பது இதன் குறை. நனைத்துக் காயவைத்தால் அந்தக் குறை தீர்ந்துவிடும். அன்றாடம் புழங்கும் ரன்னருக்கு ஒட்டும் வகையில் என் முதல் தேர்வு இதுதான். வெளிநாட்டில் இருந்து படிப்பவர்கள் அமெரிக்காவில் பெல்லான் எஸ்எஃப்101, ஐரோப்பாவில் ஃப்ளீஸலீன் ஜி700 என்று கேட்டால் இதே வகை கிடைக்கும்.

தைத்துப் பிடிக்கும் வகையில் பசை கிடையாது. கடையில் ஆர்கண்டி, வாயில், காடா போன்ற பருத்தித் துணிகளைக் கேட்டு வாங்கலாம். ஆனால் கடைக்குப் போகாமலே கிடைக்கும் மிகச் சிறந்த ஒன்று உங்கள் வீட்டு பீரோவில் இருக்கிறது: பழைய பருத்தி வேட்டி. நூறு முறை துவைத்துச் சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடித்த துணி. இனி அது உங்களை ஏமாற்றாது. 8 முழ வேட்டி என்றால் 77 இன்ச் நீளம் இணைப்பே இல்லாமல் வரும். முழங்காலுக்கு நேரே நைந்திருக்கும் பகுதியை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

பஞ்சு போன்ற ஃப்ளீஸ் வகையும் உண்டு. மெத்தென்று இருக்கும், க்வில்ட் தையலுக்கு ஏற்றது. ஆனால் அதன் மேல் தண்ணீர் டம்ளரும் பாயசக் கிண்ணமும் ஆடும். சாப்பாட்டு மேசைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கனத்தை ஜிஎஸ்எம் என்ற எண்ணால் சொல்வார்கள். ஒரு சதுர மீட்டர் எத்தனை கிராம் என்பது அது. ரன்னருக்கு 30 முதல் 60 வரை பார்த்தால் போதும். எப்போதும் மேல்துணியைவிட கேன்வாஸ் கனம் குறைவாக இருக்க வேண்டும். துணிதான் முன்னால் நிற்க வேண்டும், கேன்வாஸ் பின்னால் நிற்க வேண்டும்.

4. விளிம்புச் சோதனை

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

கடையில் இரண்டு, மூன்று வகையில் தலா அரை மீட்டர் வாங்குங்கள். ரன்னர் துணியில் மிச்சமாகும் பகுதியிலிருந்து 6 இன்ச் அகலம், 14 இன்ச் நீளத்தில் வகைக்கொரு துண்டு வெட்டுங்கள். நீளம் ரன்னரின் நீளத் திசையிலேயே இருக்கட்டும். கால் மீட்டர் மட்டும் வாங்கினால் கேன்வாஸின் நீளம் 10 இன்ச்தான் இருக்கும், குறுக்கே வெட்ட வேண்டிவரும்; நெய்த கேன்வாஸில் பாவும் ஊடையும் (குறுக்கு நூலும்) ஒரே மாதிரி மடியாது. கேன்வாஸை ஒட்டி, அடியில் லைனிங்கையும் (ரன்னரின் பின்பக்கத் துணி) வைத்து மூன்றையும் சேர்த்து ஓரம் தைத்துவிடுங்கள். லைனிங்கை விட்டுவிட்டுச் சோதித்தால் பயனில்லை. அதுவும் விறைப்பைக் கூட்டும்.

இப்போது ஒவ்வொரு துண்டையும் உங்கள் மேசையிலேயே வைத்து, 8 இன்ச் வெளியே தொங்கும்படி விடுங்கள். மேசை மேல் இருக்கும் பகுதியில் ஒரு டம்ளரை வைத்துக்கொள்ளுங்கள். தொங்கல் மேசைக் காலுக்கு இணையாகக் கிட்டத்தட்ட நேராக விழுந்தால் அந்தக் கேன்வாஸ் சரி. பாதியில் நின்று சாய்வாக வெளியே நீட்டினால் கனம் கூடிவிட்டது. விழுகிறது, ஆனால் ஓரங்கள் உள்ளே சுருண்டுகொள்கின்றன என்றால் கனம் போதவில்லை.

தேறிய துண்டைத் துவைத்துக் காயவைத்து மறுபடி பாருங்கள். கொப்புளம் இருக்கிறதா, ஒரு மூலையைப் பிரித்தால் எளிதாக உரிகிறதா என்று கவனியுங்கள். ஒருநாள் கூடுதலாகும். 77 இன்ச் துணியைக் காப்பாற்ற அந்த ஒருநாளைக் கொடுக்கலாம்.

5. எந்தத் துணிக்கு எது

செட்டிநாட்டுக் கண்டாங்கிச் சேலை 2019-ல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டமும் பட்டையும் அகலக் கரையுமாக, கெட்டிப் பருத்தி நூலில் நெய்தது. என் அப்பத்தாவின் அரக்கு நிறக் கண்டாங்கி ஒன்று உடுத்த முடியாத அளவுக்குக் கிழிந்தபோது, கிழியாத பகுதியை ரன்னராக்கினேன். மூன்று வகை ஒட்டும் கேன்வாஸை விளிம்புச் சோதனையில் வைத்துப் பார்த்தேன். எதுவும் அந்தச் சேலையின் இயல்பான விழுதலைத் தரவில்லை. கடைசியில் அப்பாவின் பழைய வேட்டியை உள்ளே வைத்துத் தைத்தேன். ஏழு வருடமாக எங்கள் மேசையில் கிடக்கிறது. கண்டாங்கி, சென்னிமலைப் போர்வைத் துணி போன்ற கனமான கைத்தறிக்கு இதுதான் என் பதில்: பசை வேண்டாம், இன்னொரு மெல்லிய பருத்தி போதும். கூடுதல் விறைப்பு தேவைப்படும் நாளில் சாதம் வடித்த கஞ்சியில் முக்கி எடுத்து, பாதி ஈரத்தில் இஸ்திரி போடுங்கள்.

பாப்ளின், கேம்ப்ரிக், கலம்காரி அச்சுத் துணி ஆகியவை மெல்லியவை, இழை நெருக்கமானவை. இவற்றுக்கு நெய்த ஒட்டும் கேன்வாஸ் பொருந்தும். வெளிர் நிறம் என்றால் வெள்ளை. கருநிறத் துணிக்குக் கறுப்பு கேன்வாஸ் கேட்டு வாங்குங்கள். ஓரத் தையலில் வெள்ளை எட்டிப் பார்க்காது.

பழைய பட்டுச் சேலையில் செய்பவர்கள் முகத்துணியில், அதாவது மேலே தெரியும் துணியில், எதையும் ஒட்டாதீர்கள். பசைக்குத் தேவையான சூடும் ஈரமும் பட்டில் தடம் விடும். நைந்த இழைகளை இழுக்கும். கேன்வாஸை லைனிங்கின் உள்பக்கத்தில் ஒட்டிவிட்டு, பட்டுத் துணியை அதன்மேல் சும்மா படியவிட்டுத் தையுங்கள். தாங்கல் கிடைக்கும், பட்டுக்குச் சேதம் இல்லை. இழை தளர்ந்த கதருக்கும் இதே வழி. சணலுக்கு உள்ளே எதுவும் வேண்டாம், லைனிங் மட்டும் போதும்.

முனைகளைக் கூர்மையாக முக்கோணமாக வெட்டி ஓரத்தில் குஞ்சம் தொங்கவிடுவதாக இருந்தால், அந்த முக்கோணத்தில் மட்டும் ஒரு துண்டு மெல்லிய கேன்வாஸ் ஒட்டுங்கள். விளிம்பில் மடியும் இடத்துக்கு 2 இன்ச் முன்பே அது முடிந்துவிட வேண்டும். கூர் மடங்காமல் நிற்கும், மடிப்பும் இயல்பாக இருக்கும்.

6. நனைப்பதும் வெட்டுவதும்

77 இன்ச் என்பது ஏறக்குறைய 1.96 மீட்டர். சுருக்கத்துக்கும் சேர்த்து இரண்டேகால் மீட்டர் வாங்குங்கள். 36 இன்ச் அகலச் சுருளில் இரண்டு ரன்னருக்கு வரும்.

நெய்த கேன்வாஸைக் கை பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் தளர்வாக மடித்துப் போட்டு, தண்ணீர் ஆறும் வரை விடுங்கள். பிழிய வேண்டாம், தேய்க்க வேண்டாம்; பசைப் புள்ளிகள் உதிரும். அப்படியே தூக்கிக் கொடியில் போட்டு நீர் வடியவிடுங்கள். காய்ந்த பிறகு இஸ்திரி போடும் பழக்கத்தில் பெட்டியை வைத்துவிடாதீர்கள், மேசையிலேயே ஒட்டிக்கொள்ளும். பேப்பர் கேன்வாஸுக்கு இந்த வேலை பொதுவாகத் தேவையில்லை.

வெட்டும்போது கேன்வாஸின் பாவு நூல் ரன்னரின் நீளத்தோடு ஓடட்டும். ஒட்டும் வகையை 76க்கு 13 என்ற முடிந்த அளவுக்கே வெட்டுங்கள். தையலுக்குள் அது போகாவிட்டால் ஓரம் தடிக்காது, மூலைகள் கூராகத் திரும்பும். தைக்கும் வகையை முழு அளவான 77க்கு 14-ல் வெட்டித் தையலில் பிடித்துவிட்டு, பிறகு தையலை ஒட்டி நறுக்கிவிடுங்கள். நீளம் போதாமல் இணைக்க நேர்ந்தால் இணைப்பு மேசையின் நடுவில் வரட்டும், விளிம்பு மடிப்பில் வரவே கூடாது.

7. ஒட்டுவது

முகத்துணியின் உள்பக்கம் மேலே. அதன் மேல் கேன்வாஸின் சொரசொரப்பான, வெளிச்சத்தில் மினுக்கும் பக்கம் கீழே பார்த்தபடி. அதன் மேல் மெல்லிய பருத்தித் துணி ஒன்று. வாங்கிய கேன்வாஸோடு குறிப்பு வந்திருந்தால் அதன்படி சூடு வையுங்கள். இல்லையென்றால் பெட்டியில் இரண்டு புள்ளி போட்ட இடத்தில் தொடங்கி, சோதனைத் துண்டில் பிடிக்கும் சூட்டைக் கண்டுபிடியுங்கள். இரண்டு புள்ளி என்பது அதிகபட்சம் 150 டிகிரி, மூன்று புள்ளி 200.

இஸ்திரி போடுவதுபோலப் பெட்டியை இழுக்கக் கூடாது. வைத்து, அழுத்தி, 10 முதல் 15 வினாடி பொறுத்து, தூக்கி, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். இழுத்தால் கேன்வாஸ் நகர்ந்து பாவு கோணும். நடுவில் தொடங்கி இரண்டு முனைகளை நோக்கிப் போங்கள், காற்று வெளியேறும். ஒவ்வொரு முறையும் முந்திய இடத்தில் ஓர் இன்ச் ஏறும்படி வையுங்கள். நீராவிப் பெட்டியில் துளைகள் இருக்கும் இடத்தில் அழுத்தம் விழாது. அந்தப் புள்ளிகளில்தான் பின்னாளில் கொப்புளம் எழும். ஒரு ரன்னருக்கு முப்பது, நாற்பது முறை வைத்தெடுக்க வேண்டிவரும். அரை மணி நேரம் ஒதுக்கிவிட்டு உட்காருங்கள். துணியின் மிச்ச நீளம் மேசையிலிருந்து கீழே தொங்காமல் ஒரு நாற்காலியில் கிடக்கட்டும், கனத்தில் இழுபடாது.

முடிந்ததும் தொடாதீர்கள். சூடான பசை இன்னும் இளக்கமாகவே இருக்கும். இருபது நிமிடமாவது விரித்தபடியே ஆறவிடுங்கள்.

8. தைப்பதும் பராமரிப்பும்

முகத்துணியும் லைனிங்கும் நல்ல பக்கம் உள்ளே பார்க்க வைத்து, அரை இன்ச் விட்டுச் சுற்றித் தையுங்கள். நீள ஓரத்தில் 5 இன்ச் திறப்பு விடுங்கள். வேட்டியை உள்ளே வைப்பவர்கள் அதை முதலில் முகத்துணியோடு கைத்தையலில் ஓட்டிப் பிடித்துக்கொண்டால் நகராது. தையல் மெஷினுக்கு 14-ஆம் எண் ஊசி போதும். நான்கு மூலைகளையும் குறுக்கே நறுக்கி, திருப்பி, ஓரத்தை விரலால் நீவி இஸ்திரி போட்டு, விளிம்பிலிருந்து கால் இன்ச் உள்ளே மேல்தையல் ஓட்டினால் திறப்பும் மூடிக்கொள்ளும். வேட்டி வைத்த ரன்னருக்கு, துணியின் கட்டங்களின் கோட்டிலேயே நீளவாக்கில் இரண்டு வரி கூடுதலாகத் தையுங்கள். பசை இல்லாததால் உள்ளே துணி நகர இடம் இருக்கிறது, அந்த வரிகள் அதைக் கட்டிவைக்கும்.

துவைக்கும்போது முறுக்கிப் பிழியாமல் துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீரை எடுங்கள். ஒட்டிய ரன்னரை உலர் யந்திரத்தில் போட வேண்டாம். எடுத்து வைக்கும்போது மடிக்காதீர்கள். துணிக்கடையில் சேலைத் துணி சுற்றி வரும் அட்டைக் குழாய் கேட்டால் தருவார்கள். 14 இன்ச்சுக்கு அறுத்து, நல்ல பக்கம் வெளியே இருக்கும்படி அதில் சுற்றி வையுங்கள்.